தோப்பூர்ப் போர்

விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடபதி தேவராயர் 1614 அக்டோபரில் காலமானார். அவருக்குப் பின் பட்டம் யாருக்கு என்று வேலூர்க் கோட்டைக்குள் தொடங்கிய தகராறு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. தென்னாட்டின் பெரிய நாயக்கர்கள் அனைவரையும் இரு அணியாகப் பிரித்து நிறுத்தி, 1616இன் இறுதியிலோ 1617இன் தொடக்கத்திலோ காவிரிக்கரையில் தோப்பூர் என்னும் இடத்தில் அது முடிந்தது. திருச்சிக்குக் கிழக்கே, கல்லணையை ஒட்டி இருக்கும் இன்றைய தோகூரே அந்தத் தோப்பூர் என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. கொங்குப் பக்கத்தில் தொப்பூர் என்றதும் நினைவுக்கு வரும் சேலம் – தருமபுரி சாலைக் கணவாய்க்கும் இந்தப் போருக்கும் தொடர்பில்லை.

தமிழ்நாட்டு மண்ணில் நடந்த உள்நாட்டுப் போர்களில் இதைவிடப் பெரிய கூட்டணிகள் மோதியது அரிது. ஆனாலும் 1565இல் நடந்த தலைக்கோட்டைப் போர் தெரிந்த அளவுக்குத் தோப்பூரை யாருக்கும் தெரியாது. தலைக்கோட்டையில் பேரரசைத் தோற்கடித்தவர்கள் வெளியார். தோப்பூரில் பேரரசின் சொந்தப் படைத்தலைவர்களே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

விஜயநகர அரசர் தம் நாடு முழுவதையும் நேரடியாக ஆண்டவர் அல்லர். சீமை சீமையாகப் பிரித்து நாயக்கர்களிடம் விட்டிருந்தார். ஒவ்வொரு நாயக்கரும் ஆண்டுக்கு இவ்வளவு என்று தொகை கட்ட வேண்டும். இத்தனை யானை, இத்தனை குதிரை, இத்தனை காலாள் என்று படை வைத்திருந்து, அழைத்த நேரத்தில் கூட்டிவர வேண்டும். மிச்ச வருவாய் அவருக்கு. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் பெர்னாவோ நூனிஸ், நாடு இருநூறுக்கு மேற்பட்ட தலைவர்களிடையே பங்கிடப்பட்டிருந்தது என்கிறார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானில் டாய்மியோ எனப்பட்ட நிலப்பிரபுக்களும், அவர்களிடம் சோறும் நிலமும் பெற்றுப் போருக்குப் போன சாமுராய்களும் இருந்த நிலை இதிலிருந்து அதிகம் விலகியதல்ல. இரண்டு இடங்களிலும் படைவீரனின் விசுவாசம் முதலில் தனக்குப் படி அளக்கும் தலைவனுக்கு. பேரரசர் அதற்கு அப்பால் எங்கோ இருந்தார்.

மதுரைச் சீமையில் நாயக்கருக்குக் கீழே இன்னும் ஒரு படி உண்டு. விசுவநாத நாயக்கர் காலத்தில் (1529–1564) தளவாய் அரியநாத முதலியார் வகுத்ததாகச் சொல்லப்படும் 72 பாளையங்கள் அவை. காவலும் வரியும் படையும் பாளையக்காரர் பொறுப்பு. மதுரைப் படை என்று ஏடுகள் சொல்வது பெரும்பாலும் இந்தப் பாளையப் படைகளின் கூட்டையே. கொங்கு நாட்டின் பெரும்பகுதியும் அப்போது மதுரையின் கீழ் இந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது. பழைய 24 நாடுகளில் ஒன்றான பொங்கலூர்க்கா நாடும் அதில் அடக்கம்.

1565 ஜனவரியில் தலைக்கோட்டையில், பேரரசை நடத்திவந்த ராமராயர் கொல்லப்பட்டபின் அவருடைய தம்பி திருமலைராயர் அரசைப் பெனுகொண்டாவுக்கு நகர்த்தினார். பின்னர் சந்திரகிரி, அதன்பின் வேலூர் என்று தலைநகர் தெற்கே இறங்கிக்கொண்டே வந்தது. வடக்கே நிலம் குறையக் குறைய, தெற்கே இருந்த மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களின் கை ஓங்கியது. மதுரை கப்பம் கட்டத் தயங்கியது. பலமுறை படை அனுப்பித்தான் அதை வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 1610இல் மைசூரின் ராஜ உடையார் பேரரசரின் பிரதிநிதியிடமிருந்து சீரங்கப்பட்டணத்தைப் பிடித்துக்கொண்டார். வேங்கடபதி அதைத் திருப்பி எடுக்க முயலாமல் ஏற்றுக்கொண்டார். 1586இல் பட்டத்துக்கு வந்த அவர், திருமலைராயரின் குலமான அரவீடு மரபில் சொல்லுக்கு மதிப்பிருந்த கடைசி அரசர். அவர் உயிரோடு இருந்தவரை அரண்மனைக்குள் இருந்த விரிசல் வெளியே தெரியவில்லை.

விரிசலுக்குக் காரணம் பிள்ளையின்மை. வேங்கடபதிக்கு அரசிகள் பலர் இருந்தும் ஆண் வாரிசு இல்லை. கொப்பூரி குலத்துத் தலைவரான ஜக்கராயர் வீட்டுப் பெண்ணான ஓர் அரசி, ஒரு பிராமணக் குழந்தையை எடுத்து வந்து தான் பெற்றதாகச் சொல்லி வளர்த்தார் என்கிறது இந்த நிகழ்ச்சிகளுக்கு முதன்மையான சான்று. அச்சான்று, இயேசு சபைப் பாதிரியார் மனுவேல் பர்ராதாஸ் 1616 டிசம்பர் 12 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதம். அரசருக்கு உண்மை தெரிந்திருந்தும் வெளியே சொல்லவில்லை. ஆனால் சாகும் தறுவாயில் பிரபுக்களைக் கூட்டி, அந்தப் பையனை விட்டுவிட்டுத் தம் அண்ணன் மகன் ஸ்ரீரங்கருக்குப் பட்டத்தைக் கொடுத்தார். மூன்றாம் நாள் இறந்தார். இத்தனை ஆண்டுகள் பையனை மகன் என்று வைத்துக்கொண்டு, கடைசி மூன்று நாளில் முடிவை மாற்றியதுதான் வேங்கடபதி செய்த பெரிய பிழை. ஜக்கராயருக்கு அது போதுமான சாக்காயிற்று.

ஸ்ரீரங்கரின் ஆட்சி சில மாதங்கள்தான். மூன்று பிரபுக்கள் அவருக்கு எதிராகச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பலத்தைப் பர்ராதாஸ் கணக்காகவே தருகிறார்: ஜக்கராயருக்கு ஆண்டு வருவாய் 6 லட்சம் குருசாடோ, படை 20,000, திம்ம நாயக்கருக்கு 4 லட்சம், படை 12,000, மாக்கராயருக்கு 2 லட்சம், படை 6,000. குருசாடோ என்பது போர்த்துக்கீசிய நாணயம். கணக்கு துல்லியமோ இல்லையோ, அரசர் எவ்வளவு நொய்ந்திருந்தார் என்பது அதிலேயே தெரிகிறது. மூன்று பேர் மனம் வைத்தால் 38,000 பேரைத் தலைநகருக்குள் நிறுத்த முடிந்தது. அரசரிடம் அதைத் தடுக்கத் தனிப்படை இல்லை. ஸ்ரீரங்கரும் அவர் மனைவி மக்களும் வேலூர்க் கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டனர். வளர்ப்புப் பையன் அரியணையில் அமர்த்தப்பட்டான். பிரபுக்கள் பலர் வந்து அவனை வணங்கினார்கள்.

வணங்க மறுத்தவர்களில் முக்கியமானவர் யாசம நாயக்கர். வெங்கடகிரி அரசர்களின் முன்னோரான வேலுகோட்டி குலத்தைச் சேர்ந்தவர். வேங்கடபதிக்காகப் பல போர்களில் வாளெடுத்தவர். அவர் தம் ஆட்களோடு கோட்டைக்கு வெளியே வந்து தனியாகப் பாளையம் இறங்கினார். சிறையிலிருந்த அரசரை மீட்க அவர் எடுத்த முயற்சிகளைப் பர்ராதாஸ் கதைபோல் விவரிக்கிறார். அரண்மனைத் துணிகளை எடுத்துப்போகும் சலவைக்காரர் ஒருவர் மூலம் ஏற்பாடு செய்து, அரசரின் இரண்டாவது மகனான 12 வயது ராமனை அழுக்கு மூட்டைக்குள் வைத்து வெளியே கடத்தினார்கள். காவல்காரர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை. பெரும்படைகள் செய்ய முடியாததைச் செய்த அந்தச் சலவைக்காரரின் பெயரை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை.

அடுத்து, கோட்டைக்குள் சுரங்கம் தோண்டி அரசரை வெளியே கொண்டுவரப் பார்த்தார்கள். அது வெளிப்பட்டுவிட்டது, காவல் இறுகியது. பின்னர் கோட்டைக்குள்ளிருந்த படைத்தலைவர் ஒருவர் யாசமருக்கு உதவ முன்வந்து காவலர்களை வெட்டினார். யாசமர் வந்து சேர்வதற்குள் செய்தி ஜக்கராயருக்குப் போய்விட்டது. இனி அரசரை உயிரோடு வைத்திருப்பது ஆபத்து என்று முடிவு செய்து, ஜக்கராயர் தம் தம்பி சின்ன ஓபராயரை உள்ளே அனுப்பினார். ஸ்ரீரங்கரும் அவருடைய குடும்பமும் அன்று அழிந்தார்கள். அரசரே தம் மனைவியையும் பிள்ளைகளையும் வெட்டிவிட்டுத் தாமும் வாளில் விழும்படி நிர்ப்பந்திக்கப்பட்டார் என்பது பர்ராதாஸின் செய்தி.

ஜக்கராயர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இந்தக் கொலை வேலை செய்தது. அதுவரை யார் பக்கம் என்று தெரியாமல் ஒதுங்கியிருந்த பிரபுக்கள் யாசமரிடம் வந்தார்கள். மூட்டையில் தப்பிய சிறுவன் திடீரென்று பேரரசின் ஒரே நேர் வாரிசானான். சண்டைகள் தொடர்ந்தன, ஜக்கராயர் தோற்று, காட்டுக்குள் ஓடி, மீண்டும் ஆள் திரட்டினார். வடக்கே தமக்கு இடமில்லை என்று தெரிந்ததும் அவர் தெற்கே திரும்பி மதுரை நாயக்கரையும் செஞ்சி நாயக்கரையும் துணைக்கு அழைத்தார். வேலூர் அரண்மனைத் தகராறு இப்படித்தான் காவிரிக்கரைக்கு வந்தது.

மதுரையில் அப்போது முத்துவீரப்ப நாயக்கர் (1609–1623). கப்பத்திலிருந்து கழன்றுகொள்ள மதுரை இரண்டு தலைமுறையாக முயன்றுவந்தது. அரியணையில் உரிமை இல்லாத ஒரு பையனும், அவனை ஆட்டிவைக்கும், மதுரைக்குக் கடன்பட்ட ஒரு பிரபுவும் இருப்பது அதற்கு ஏற்ற நிலைமை. செஞ்சியின் கிருஷ்ணப்ப நாயக்கருக்கு வேங்கடபதியோடு பழைய பகை இருந்தது; ஒருமுறை கலகம் செய்து சிறைப்பட்டும் இருந்தார். அவரை அன்று பேரரசரிடம் பேசி விடுவித்தவர் தஞ்சையின் இளவரசர் ரகுநாதர் என்று தஞ்சைக் காவியங்கள் சொல்கின்றன. அதே கிருஷ்ணப்பர் இப்போது ரகுநாதருக்கு எதிர் அணியில் நின்றார். சேர நாட்டு அரசரும் கரையோரப் போர்த்துக்கீசியர் சிலரும் இந்த அணிக்கு உதவியதாகக் குறிப்புகள் உண்டு.

எதிரே யாசமருக்குக் கிடைத்த பெருந்துணை தஞ்சை ஒன்றுதான். ரகுநாத நாயக்கர் தந்தை அச்சுதப்பர் காலத்திலேயே ஆட்சிப் பொறுப்பில் பங்கேற்றவர். வீணையும் கவிதையும் அறிந்தவர். அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் யோசனையில் நடந்தவர். கொள்ளிட முகத்துத் தீவில் இருந்துகொண்டு கொள்ளையடித்துவந்த சோழகன் என்பவனை அடக்கியதும், யாழ்ப்பாணத்துக்குப் படை கொண்டுபோனதும் அவருடைய வெற்றிகளாகப் பாடப்படுகின்றன. தஞ்சை எப்போதும் பேரரசுக்குக் கப்பம் கட்டிவந்த அரசு. அந்த விசுவாசத்தில் கணக்கும் கலந்திருந்தது. மதுரை பெருத்தால் முதலில் நெருக்கப்படுவது பக்கத்து வீடான தஞ்சை. அதைத் தடுக்கத் தூரத்தில் ஒரு பேரரசர் இருப்பது நல்லது. யாசமர் சிறுவன் ராமனோடு தெற்கே வர, ரகுநாதர் தம் படையோடு புறப்பட்டார்.

ஜக்கராயர் அணி திருச்சியைச் சுற்றி முகாமிட்டிருந்தது. அங்கிருந்து அவர்கள் செய்த முதல் காரியம் கல்லணையை உடைத்தது. திருவரங்கத் தீவைத் தாண்டியதும் காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்கிவரும் இடத்தில் இருக்கிறது அந்த அணை. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. அணை இல்லையென்றால் காவிரி நீர் தஞ்சைப் பக்கம் திரும்பாமல் கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்விடும். தஞ்சைச் சீமையின் நெல் முழுவதும் அந்தக் கல்வரிசையை நம்பியிருந்தது. எதிரியின் கோட்டையைத் தாக்குவதைவிட அவன் வாய்க்காலைத் தாக்குவது மலிவு. இந்தப் போரில் யாரும் செய்த காரியங்களில் உழவனை நேரடியாகத் தொட்டது இதுதான்.

ரகுநாதர் பழமார்நேரி வழியாக முன்னேறி வந்தார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் உள்ள இந்த ஊரில் அவர் முகாமிட்டிருந்தபோது அணை உடைந்த செய்தி அவருடைய படைக்குச் சினமூட்டியதாகத் தஞ்சைப் புலவர்கள் எழுதுகிறார்கள். அங்கிருந்து தோப்பூர் ஒரு நாள் நடைக்குள்.

இரு பக்கமும் எத்தனை பேர்? பர்ராதாஸ் தம் கடிதத்தின் முடிவில், திருச்சிராப்பள்ளி வெளியில் பத்து லட்சம் வீரர்கள் வரை திரண்டு நிற்கிறார்கள் என்கிறார். இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர் இருந்தது கொச்சியில், கேள்விப்பட்டதை எழுதினார். பத்து லட்சம் வாய்க்கு அந்த வெளியில் ஒரு வாரம் சோறும் தீவனமும் சேர்க்க அன்றைய மாட்டுவண்டிகளால் இயலாது. ஆனால் கேட்டவர்கள் எல்லோருக்கும் அதுவரை காணாத கூட்டமாகத் தோன்றியது என்பதில் ஐயமில்லை. அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது போர் இன்னும் முடியவில்லை. மதுரை, செஞ்சி ஆகிய மற்ற இரு நாயக்கர்களைவிடப் பலம் குறைந்தவரான தஞ்சை நாயக்கர் மேலோங்கி வருகிறார் என்ற செய்தியோடு பாதிரியார் நிறுத்திக்கொள்கிறார்.

முடிவைத் தஞ்சை அரசவைக் காவியங்களிலிருந்தும் வேலுகோட்டி குல வரலாற்றிலிருந்தும்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கோவிந்த தீட்சிதரின் மகன் யக்ஞநாராயண தீட்சிதர் எழுதிய சாகித்ய ரத்னாகரம், அரசவைப் பெண் கவி ராமபத்ராம்பா எழுதிய ரகுநாதாப்யுதயம் ஆகிய வடமொழிக் காவியங்களில் வெற்றி முழுவதும் ரகுநாதருக்கு. வேலுகோட்டியார் வரலாற்றில் யாசமரே நாயகர். தஞ்சைப் படை துணைக்கு நின்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒத்துவருவது இவ்வளவு: யாசமரும் ரகுநாதரும் சேர்ந்து தாக்கினார்கள், ஜக்கராயர் களத்திலேயே கொல்லப்பட்டார், அவர் விழுந்ததும் கூட்டணி கலைந்தது. கொன்றவர் யாசமர் என்று அவர் குலத்தார் சொல்கிறார்கள்.

தலைவன் விழுந்ததும் படை ஓடியதில் வியப்பில்லை. ஒவ்வொரு படையும் தன் தன் தலைவனின் கொடிக்குக் கீழ் வந்தது; மொத்தத்துக்கும் ஒரே கட்டளை இல்லை. மதுரைக்கும் செஞ்சிக்கும் அந்தப் பையனிடம் தனிப்பற்று எதுவும் கிடையாது. ஜக்கராயர் என்ற ஒருவரே அவர்களைக் கட்டிவைத்த முடிச்சு. 1600 அக்டோபர் 21 அன்று ஜப்பானில் செகிகஹாரா என்ற இடத்தில் நடந்த பெரும்போரும் இதே பலவீனத்தால்தான் ஒரே நாளில் முடிந்தது. அங்கே கோபயகாவா ஹிதேயாகி என்ற பிரபு போர் நடுவில் தம் படையோடு எதிர்ப்பக்கம் சாய, மேற்கணி சரிந்து தொகுகவா இயேயாசு வென்றார்.

மதுரைப் படை திருச்சியை நோக்கி ஓடியது. முத்துவீரப்பர் துரத்திப் பிடிக்கப்பட்டார் என்று வேலுகோட்டியார் வரலாறு கூறுகிறது. அவர் தம் மகளை ரகுநாதருக்கு மணமுடித்துக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். கிருஷ்ணப்ப நாயக்கர் செஞ்சியைத் தவிர மற்றக் கோட்டைகளை இழந்தார். ரகுநாதர் உடைந்த கல்லணையைச் செப்பனிட்டார். மூட்டையில் தப்பிய ராமன், 15 வயதில், கும்பகோணத்தில் ராமதேவராயர் என்ற பெயரில் பேரரசராக முடிசூட்டப்பட்டான். வேலூரிலோ சந்திரகிரியிலோ அன்றி, ஒரு நாயக்கரின் ஊரில் அந்தச் சடங்கு நடந்தது. யாருடைய கையால் யார் பேரரசரானார் என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

உள்நாட்டுப் போர் தோப்பூரோடு நின்றுவிடவில்லை. ஜக்கராயரின் தம்பி எதிராஜர் சண்டையைத் தொடர்ந்தார். கடைசியில் ராமதேவராயர் அந்த எதிராஜரின் மகளையே மணந்து பகையைத் தீர்த்துக்கொண்டார். தம் தந்தையையும் உடன்பிறந்தாரையும் கொன்ற குலத்தில் பெண்ணெடுத்தது அரசியல் கணக்குப்படி சரியான காரியம். ஆனால் அதற்கு விலை யாசமர். தம் வாழ்நாளைச் சிறுவனுக்காகச் செலவழித்த அவர், பழைய எதிரி மாமனாராக அரசவைக்குள் வருவதைக் கண்டு விலகினார். பேரரசருக்குத் தம் சொந்த ஆட்கள் என்று சொல்லிக்கொள்ள அதன்பின் யாரும் மிஞ்சவில்லை.

1614 அக்டோபரில் வேங்கடபதி இறந்தார். அடுத்த மாதம் ஜப்பானில் ஒசாகா கோட்டை முற்றுகை தொடங்கியது. உள்ளே இருந்தவர் மறைந்த தலைவர் ஹிதேயோஷியின் மகன் ஹிதேயோரி. அவர் உண்மையில் ஹிதேயோஷிக்குப் பிறந்தவர்தானா என்று அங்கேயும் ஊர் பேசியது. 1615 கோடையில் கோட்டை எரிந்தது. ஹிதேயோரியும் அவருடைய தாயும் தற்கொலை செய்துகொண்டார்கள். நிகழ்ச்சிகள் இவ்வளவு ஒத்துப்போயும் விளைவுகள் முற்றிலும் வேறு. இயேயாசு தம் பெயரிலேயே போரிட்டு, வென்ற நிலத்தைத் தம் ஆட்களுக்குப் பிரித்துக்கொடுத்தார். 1615இலேயே ஒரு டாய்மியோவுக்கு ஒரு கோட்டை என்று சட்டமிட்டு மற்றக் கோட்டைகளை இடிக்கச் செய்தார். அவருடைய மரபு 1867 வரை ஆண்டது.

தோப்பூரில் வென்ற இருவரும் தங்களுக்காகப் பேரரசைக் கேட்கவில்லை. யாசமர் பழைய அரச குலத்தைக் காப்பாற்ற வந்தார். ரகுநாதர் மதுரையை மட்டுப்படுத்த வந்தார். வேலை முடிந்ததும் தஞ்சைக்குத் திரும்பி இலக்கியத்தையும் இசையையும் வளர்த்தார். தோற்ற மதுரையின் பாளையங்கள் கலைக்கப்படவில்லை, செஞ்சிக் கோட்டை இடிக்கப்படவில்லை. படையும் வருவாயும் முன்பு யார் கையில் இருந்தனவோ அவர்கள் கையிலேயே இருந்தன. நடுவில் இருந்த அதிகாரம் மட்டும் கரைந்தது. பலம் குறைந்த அணி வென்றது என்று தோப்பூரைப் புகழ்வது வழக்கம். இரு அணியில் எது வென்றிருந்தாலும் பேரரசு மீண்டிருக்காது என்பதே நியாயமான மதிப்பீடு.

ராமதேவராயர் 1632 வரை பெயருக்கு ஆண்டார். 1624இல் பீஜப்பூர் சுல்தானகம் கர்நூலைப் பிடித்தது. ராமதேவராயருக்குப் பின் வந்தவர்களின் காலத்தில், 1639 ஆகஸ்டில், பேரரசின் கீழிருந்த தாமர்ல குலத்து நாயக்கர்கள் சென்னைக் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தை ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்தார்கள். செஞ்சி 1649இல் பீஜப்பூர் வசமானது. தோப்பூரில் வென்ற தஞ்சை நாயக்கர் அரசு 1673இல் தோற்ற மதுரையின் கையாலேயே முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் மராட்டியர் அங்கே வந்தனர்.

கொங்கு நாட்டுக்கு இதன் விளைவு மேற்கிலிருந்து வந்தது. சீரங்கப்பட்டணத்தை மைசூர் பிடித்தபோதே கண்டிக்க முடியாத பேரரசு, தோப்பூருக்குப் பின் மைசூருக்கும் மதுரைக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்லும் தகுதியையும் இழந்தது. முத்துவீரப்பர் காலத்திலேயே மைசூர்ப் படை திண்டுக்கல் பக்கம் இறங்கியது. விருப்பாட்சி, கன்னிவாடிப் பாளையக்காரர்கள் அதைத் தடுத்து விரட்டினார்கள். கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில் (1638–1659) சத்தியமங்கலமும் தணாயக்கன்கோட்டையும் மைசூரிடம் போயின. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வாசல் அது. அதன்பின் மதுரை மீது மைசூர் எடுக்கும் படையெடுப்புக்குக் கொங்குச் சமவெளியே பாதையாயிற்று.

1656இல் அப்படி வந்த படையின் செய்கையால் அந்தப் போருக்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர் நிலைத்தது. பிடிபட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்து, மூட்டை கட்டிச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு பார்க்கவில்லை. 1659ஆம் ஆண்டு இயேசு சபைக் கடிதம் ஒன்று இதை விவரிக்கிறது. கொன்ற எண்ணிக்கைக்குச் சாட்சி கேட்ட அரசுகள் பிற இடங்களிலும் இப்படியே நடந்துகொண்டன: 1597இல் கொரியா மீது படையெடுத்த ஜப்பானியச் சாமுராய்கள் ஆயிரக்கணக்கான மூக்குகளை உப்பிலிட்டு நாட்டுக்கு அனுப்பினார்கள், அவற்றைப் புதைத்த மேடு கியோத்தோவில் இன்றும் உண்டு. மதுரையில் திருமலை நாயக்கர் நோயாளியாகக் கிடந்தார். ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி மறவர் படையோடு வந்துதான் மைசூர்ப் படையைத் திண்டுக்கல் வரை தள்ளினார். பிறகு திருமலையின் தம்பி குமாரமுத்து நாயக்கர் மைசூர் எல்லைக்குள் புகுந்து அதே முறையில் பழிதீர்த்தார் என்பது வழக்கு. மூக்கறுத்தவர்களும் அறுபட்டவர்களும் நூறு ஆண்டுக்கு முன் ஒரே பேரரசரின் கொடியின் கீழ் நின்றவர்களின் வழியினர்.

அந்தப் பழிவாங்கல் கொங்கை மதுரைக்குக் காப்பாற்றித் தரவில்லை. 1667இல் தொட்ட தேவராஜ உடையாரின் படை ஈரோட்டில் மதுரைப் பக்கத்துக் கூட்டுப்படையை முறியடித்து, ஈரோட்டையும் தாராபுரத்தையும் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆட்சிகளில் கொங்கின் எஞ்சிய பகுதிகளும் கைமாறின. தாராபுரத்துக்கும் பல்லடத்துக்கும் இடைப்பட்ட பொங்கலூர்ச் சீமையின் வரி அதன்பின் மதுரைக்குப் பதில் சீரங்கப்பட்டணத்துக்குப் போனது. இடையிடையே படைகள் வந்து போனாலும், 1799இல் மைசூரின் திப்பு சுல்தான் வீழ்ந்து ஆங்கிலேயக் கும்பினி ஆட்சி வரும்வரை கொங்கின் பெரும்பகுதி மைசூர் அரசின் கீழேயே இருந்தது.